மேனேஜருக்குக் கொடுத்த கால் மாத்திரை

மேனேஜர் தட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. வேகவைத்து முள் எடுத்துப் போட்டிருந்த மீனை ஒருமுறை முகர்ந்தது. பிறகு, வேண்டாத விருந்தாளியைப் பார்த்ததுபோல முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது.

"இன்னிக்கும் தொடல," என்றார் அக்கா.

தம்பி சட்டைப் பொத்தானைப் போட்டபடியே எட்டிப் பார்த்தார். "எங்கயாவது பல்லி கில்லி பிடிச்சுத் தின்னிருக்கும். வயிறு மந்தமா இருக்கும். ஒருநாள் பட்டினி கிடந்தா தானா சரியாயிடும்."

"நேத்தும் இதத்தான் சொன்ன."

"நேத்துக்கு இன்னிக்கு மந்தம் குறைஞ்சிருக்கும்ல," என்று சிரித்துவிட்டு, சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு அவர் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

அந்த வீட்டில் மனுஷர்கள் என்று பார்த்தால் அவர்கள் இரண்டு பேர்தான். அக்கா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலரில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் கையில் எடுப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிடுகிற கண். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பியின் மனைவி இறந்து, மகளும் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனபிறகு, "நீ ஒரு வீட்ல, நான் ஒரு வீட்ல, எதுக்குடா தனித்தனியா உலை வைக்கணும்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்த வருஷம் மழைக்காலத்தில் மாடிப்படிக்கு அடியில் ஒதுங்கிய பூனைக்குட்டி ஒன்றைப் பழைய துண்டில் துடைத்து எடுத்து உள்ளே கொண்டுவந்தவரும் அக்காதான்.

சாம்பல் நிற உடம்பு. கழுத்துக்குக் கீழே டை கட்டியதுபோல ஒரு வெள்ளைப் பட்டை. வீட்டில் இருந்த ஒரே நல்ல நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, மற்றவர்கள் வேலை செய்வதை மேற்பார்வை பார்க்கும். ஒருநாள் தம்பி, "என்ன மேனேஜர், அக்கா சரியாப் பெருக்குறாங்களா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அதுதான் பெயர்.

தம்பி மருந்துக்கடை வைத்திருந்தார். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, இரண்டு ஆள் நின்றால் மூன்றாவது ஆள் படியில் நிற்க வேண்டிய அளவுக்கு ஒரு சின்னக் கடை. அந்தத் தெருவில் யாரும் அவரைக் கடைக்காரர் என்று சொல்வதில்லை. 'அரை டாக்டர்' என்பார்கள். தலைவலி, வயிற்றுப்போக்கு, தேமல், மூட்டுப் பிடிப்பு எதுவானாலும் முதலில் அவரிடம்தான் வந்து சொல்வார்கள். அவரும் கண்ணைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டு, "எத்தனை நாளா? சாப்பிட்ட பின்னாடியா, முன்னாடியா?" என்று இரண்டு கேள்வி போட்டுவிட்டு மாத்திரையை வெட்டிக் கொடுப்பார். பெரும்பாலும் கேட்கும். கேட்காமல் போனவர்கள் திரும்பி வந்து சொல்வதில்லை. அதனால் தன் கை ராசியான கை என்று அவரும் நம்பிவிட்டார்.

அவரிடம் பேராசை கிடையாது. ஆஸ்பத்திரி வரிசையில் ஏழைகள் ஒருநாள் பிழைப்பை விட்டுவிட்டு நிற்க வேண்டாமே என்ற இரக்கம்தான். ஆனால் அந்த இரக்கத்துக்குள்ளேயே கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது. 'அரை டாக்டர்' என்று யாராவது கூப்பிடும்போது அவருடைய முதுகு தன்னால் நிமிரும்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது, சமையலறை மூலையில் மஞ்சள் நுரையாக வாந்தி எடுத்து வைத்திருந்தது பூனை. அக்கா அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பித்தம்," என்றார் தம்பி. மறுபடி கடைக்குப் போய், வயிற்றெரிச்சலுக்குக் கொடுக்கும் ஒரு சிரப்பையும் ஊசியில்லாத சிரிஞ்சையும் எடுத்துவந்தார். அக்கா பிடித்துக்கொள்ள, இவர் வாயோரத்தில் செலுத்தினார். மேனேஜர் தலையை உதறியது. வாயெல்லாம் எச்சில் நுரை தள்ளியது. அக்காவின் கையிலிருந்து நழுவி, துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டது.

மறுநாளும் அது வெளியே வரவில்லை. அக்கா தரையில் படுத்து, இடுக்கில் முகத்தை வைத்துப் பார்த்தார். நாலு காலையும் உடம்புக்குள் இழுத்துக்கொண்டு, முதுகைக் கூன் போட்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. கூப்பிட்டதற்குக் காதை மட்டும் அசைத்தது.

"டேய், இது வயித்து மந்தம் இல்ல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவோம்."

"பூனைக்குப் போய் ஆஸ்பத்திரியாக்கா? அங்க போனா அந்த டெஸ்ட் இந்த டெஸ்ட்டுன்னு அலைய விடுவாங்க. நான் பாத்துக்கிறேன்."

"நீ ரெண்டு நாளா பாத்துட்டுத்தானே இருக்க."

அக்கா குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். ஆனால் சொன்ன கையோடு துணி போடும் கூடையைக் காலி செய்து, அதில் போர்வையை மடித்துப் போட்டார். அதற்குமேல் அவரைத் தடுக்க முடியாது என்று தம்பிக்குத் தெரியும். முணுமுணுத்துக்கொண்டே ஸ்கூட்டரை எடுத்தார்.

கால்நடை மருத்துவர் நடுத்தர வயதுப் பெண். பேச்சில் அவசரம் இல்லாதவர். மேனேஜரை மேசைமேல் வைத்து, முதலில் தன் கையை முகர விட்டார். பிறகு வயிற்றை விரல்களால் மெதுவாக அழுத்திப் பார்த்தார். பூனை கத்தவில்லை, கடிக்கவில்லை. உடம்பை மட்டும் கல்லாக இறுக்கிக்கொண்டது.

"வலிக்குது இதுக்கு," என்றார் டாக்டரம்மா. "ரொம்ப வலிக்குது."

"சத்தமே போடலையேம்மா," என்றார் அக்கா.

"பூனை போடாதும்மா. உடம்பு முடியலன்னு தெரிஞ்சா எதிரி பாத்துடுவான்னு ஒளிஞ்சுக்கும். சாப்பிடாம மூலையில போய்ச் சுருண்டுச்சுன்னா அதுதான் அதோட அழுகை."

ரத்தம் எடுத்தார். வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்துத் திரையைக் கூர்ந்து பார்த்தார். அதன்பிறகு இருவரையும் உட்காரச் சொன்னார்.

"கணையத்துல வீக்கமோன்னு சந்தேகப்படுறேன். சாப்பாடு செரிக்கறதுக்கான நீரைச் சுரக்கிற உறுப்பு அது. வீங்கிடுச்சுன்னா அந்த நீர் கணையத்தையே அரிக்க ஆரம்பிச்சுடும். உறுதியாச் சொல்றதுக்கு ரத்தத்தை வெளியூர் அனுப்பிப் பாக்கணும். அது வர்ற வரைக்கும் கையைக் கட்டிட்டு இருக்க வேண்டாம், இப்பவே ஆரம்பிச்சுடலாம். உடம்புல தண்ணி வத்திப் போயிருக்கு, அதுக்கு ட்ரிப்ஸ். குமட்டலுக்கு ஊசி. வலிக்கு வாயில விடற சொட்டு. அப்புறம் முக்கியமானது சாப்பாடு. பூனையைப் பட்டினி போடவே கூடாது. ரெண்டு மூணு நாள் சாப்பிடலன்னா ஈரல் கெட்டுப்போயிடும்."

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவே அவருக்குச் சுருக்கென்றது. அதைச் சமாளிப்பதற்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நானும் மருந்து லைன்லதான் இருக்கேன், மேடம். கடை வச்சிருக்கேன்," என்றார்.

"ரொம்ப நல்லதாப்போச்சு. அப்ப உங்களுக்குச் சொன்னாப் புரியும். மனுஷனுக்குக் குடுக்கிற எந்த மருந்தையும் இதுக்குக் குடுத்துடாதீங்க. காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை எதுவுமே வேண்டாம். ஏதாவது சந்தேகம்னா எனக்குப் போன் பண்ணுங்க. எந்நேரமா இருந்தாலும் பரவாயில்ல."

தம்பி தலையாட்டினார். வெளியே வந்து ஸ்கூட்டரை நிமிர்த்தும்போது அக்காவிடம் சொன்னார்: "எல்லா டாக்டரும் இப்படித்தான்கா சொல்லுவாங்க. நாமளா மருந்து குடுத்துட்டா அவங்ககிட்ட யார் போவா?"

அக்கா கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

அதன்பிறகு வந்த நாட்களில் அந்த வீடே ஒரு நோயாளி அறையாக மாறிவிட்டது. அக்கா தன் படுக்கையறையில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, மேனேஜருக்குக் கட்டிலுக்கடியில் இடம் போட்டுக் கொடுத்தார். தினமும் காலையில் கூடையில் வைத்துக் கொண்டுபோய் ட்ரிப்ஸ் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வெளியூருக்கு அனுப்பிய ரத்தத்தின் முடிவும் கணைய வீக்கம் என்றே வந்தது. டாக்டரம்மா கொடுத்த மெத்தென்ற உணவை அக்கா வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து வெதுவெதுப்பாக்குவார். சூடானால்தான் வாசனை வரும், வாசனை வந்தால்தான் பூனை வாயைத் திறக்கும். விரல் நுனியில் ஒரு பொட்டு எடுத்து, மூக்குக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டு காத்திருப்பார். திணிக்கக் கூடாது, திணித்தால் சாப்பாட்டையே வெறுத்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். கை கடுத்துப்போகும் வரை நீட்டிக்கொண்டிருப்பார். மேனேஜர் திரும்பிக்கொண்டால், "சரி சாமி, அப்புறமாப் பாப்போம்," என்று எழுந்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஆரம்பிப்பார்.

முதலில் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தம்பி, மெல்ல மெல்ல உள்ளே வந்தார். சொட்டு மருந்து விடும்போது துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ளும் வேலை அவருடையதாயிற்று. பிடித்திருக்கும்போது அதன் இதயம் விரலுக்கடியில் குருவிபோலப் படபடக்கும். தன்னை அறியாமல், "அவ்வளவுதான், அவ்வளவுதான், முடிஞ்சுது," என்று கொஞ்சுவார். மகள் குழந்தையாக இருந்தபோதுகூட அவர் அப்படிக் கொஞ்சி அக்கா பார்த்ததில்லை.

ஒருநாள் காலையில் மேனேஜர் அக்காவின் விரலை நக்கியது. முதலில் ஒருமுறை. பிறகு இன்னொரு முறை. நாக்கின் சொரசொரப்பு பட்டதும் அக்கா அசையாமல், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, "டேய், இங்க வாயேன். சத்தம் போடாம வா," என்று கூப்பிட்டார். இருவரும் தரையில் உட்கார்ந்து, அது ஒரு சின்ன உருண்டை உணவைத் தின்று முடிப்பதைப் பார்த்தார்கள். அடுத்த நாள் அது முன்னங்காலை நக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டது. டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "முன்ன மாதிரி இறுக்கிக்கல பாருங்க. தேறிட்டு வருது. ஆனா ஏறி இறங்கித்தான் வரும். நடுவுல ஒருநாள் சோர்ந்து போச்சுன்னா பயந்துடாதீங்க, எனக்குச் சொல்லுங்க," என்றார்.

அன்று வீடு திரும்பும்போது தம்பி ஸ்கூட்டரை மெதுவாகவே ஓட்டினார். மேடு பள்ளம் வந்தால் பின்னால் திரும்பி, "அதிருச்சா?" என்று கேட்டுக்கொண்டார்.

அக்காவுக்குக் கண்ணில் புரை. பரிசோதனைக்குப் போக வேண்டிய தேதியை மேனேஜருக்காகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தார். பூனை தேறியதும் தம்பிதான் வற்புறுத்தினார். "நீ போய்ட்டு வாக்கா. மதியம் கடையைச் சாத்திட்டு நான் கூட இருக்கேன். எனக்குப் பாத்துக்கத் தெரியாதா?"

அக்கா கிளம்பும்போது சாப்பாட்டை எப்படிச் சூடாக்க வேண்டும், எந்தத் தட்டில் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த டாக்டரம்மாவின் எண்ணையும் ஒருமுறை தொட்டுக் காட்டிவிட்டுப் போனார்.

வெயில் உச்சியில் இருக்கும்போது மேனேஜருக்கு மறுபடி சோர்வு வந்தது. காலையில் சாப்பிட்டதை வாந்தி எடுத்தது. கட்டிலுக்கடியில் போய்ப் பழையபடி கூன் போட்டு உட்கார்ந்தது. பல்லை நறநறவென்று கடிக்கும் மெல்லிய சத்தம் கேட்டது. தம்பி கையைப் பிசைந்துகொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். வலிக்கான சொட்டு காலையிலேயே கொடுத்தாகிவிட்டது. அடுத்தது ராத்திரிதான்.

எழுந்து குளிர்பெட்டி வரைக்கும் போனார். எண்ணைப் பார்த்தார். போனைக் கையில் எடுத்தார். 'இவ்வளவு வருஷமா கடை வச்சிருக்கிற ஆளுக்கு இதுகூடத் தெரியாதா' என்று அந்தம்மா நினைத்துவிட்டால் என்ற எண்ணம் குறுக்கே வந்தது. போனை மறுபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அலமாரியில் பாராசிட்டமால் இருந்தது. அவர் கடையில் உள்ளதிலேயே சாதுவான மாத்திரை. கைக்குழந்தைக்குக்கூடச் சொட்டு மருந்தாகக் கொடுக்கிறார்கள். டாக்டரம்மா சொன்னது ஞாபகத்துக்கு வரத்தான் செய்தது. ஆனாலும், 'கால் மாத்திரைதானே. கால் மாத்திரை என்ன செய்துவிடும்' என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மாத்திரையை நாலாக உடைத்து, ஒரு துண்டைக் கரண்டியில் நுணுக்கி, தண்ணீரில் கரைத்து, துண்டில் சுற்றிய மேனேஜரின் வாயோரத்தில் விட்டார். "அவ்வளவுதான், முடிஞ்சுது," என்று தலையைத் தடவினார். அது அவர் கையைத் தட்டிவிடவில்லை. இத்தனை நாளில் அந்தக் கைக்குப் பழகியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் பல் கடிக்கும் சத்தம் நின்றது. அவருக்கு நிம்மதியாக இருந்தது. அக்கா வந்ததும் சொல்லி ஆச்சரியப்படுத்த வேண்டும் என்றுகூட நினைத்துக்கொண்டார்.

அக்கா கண்ணில் சொட்டு மருந்து விட்ட மங்கலோடு, பொழுது சாயும் நேரத்தில் வந்து சேர்ந்தார். செருப்பைக் கழற்றியதும் நேராகக் கட்டிலுக்கடியில்தான் குனிந்தார். அடுத்த நொடி, "டேய், இது மூஞ்சி ஏன்டா இப்படி இருக்கு?" என்றார். மங்கிய கண்ணுக்குக்கூடத் தெரிந்துவிட்டது. மேனேஜரின் முகம் வீங்கியிருந்தது. பாதங்களும் பருத்திருந்தன. வாயைத் திறந்து, நாயைப்போல இரைத்துக்கொண்டிருந்தது. பூனை அப்படி மூச்சுவிட்டு இருவரும் பார்த்ததே இல்லை.

தம்பி ஓடிப்போய்க் கூடையை எடுத்துவந்தார்.

மருத்துவமனையில் டாக்டரம்மா மேனேஜரின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு பழுப்பேறிக் கிடந்தது. உதவியாளர் பிராணவாயுக் குழாயைப் பிடித்துக்கொண்டார்.

"காலையில நல்லா இருந்ததே. ஏதாவது குடுத்தீங்களா?"

"ஒன்னும் குடுக்கலம்மா," என்றார் அக்கா. "நீங்க சொன்னதைத் தவிர வேற எதையும் குடுக்க மாட்டோம். தம்பி கூடவேதான் இருந்தான்."

அந்த நம்பிக்கைதான் தம்பியின் நாக்கைக் கட்டிப்போட்டது. சொல்ல வேண்டும் என்று வாய்வரை வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. டாக்டரம்மா என்னென்னவோ யோசித்துக்கொண்டிருந்தார். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டதா, இதயமா, விஷப்பூச்சி ஏதாவது கடித்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. தம்பி சுவரோரமே நின்றுகொண்டிருந்தார்.

ரத்தம் எடுத்த டாக்டரம்மா சிரிஞ்சை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அது சிவப்பாக இல்லை. துரு கலந்த தண்ணீரைப்போல இருந்தது. அவர் மெதுவாகத் திரும்பி, அக்காவை விட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்தார்.

"சார். நீங்க சொல்லுங்க."

"பாராசிட்டமால்," என்றார் அவர். "கால் மாத்திரை. மதியம். வலியில துடிச்சுது, அதான்."

மேனேஜர் மூச்சுக்குத் திணறும் சத்தம் கேட்டது.

டாக்டரம்மா கோபப்படவில்லை. கோபப்பட நேரம் இல்லை. "மனுஷனோட ஈரல் இந்த மருந்தை முறிச்சு வெளிய அனுப்பிடும். பூனைக்கு அந்தச் சக்தி கிடையாது. அது ரத்தத்தையே கெடுத்துடும், ரத்தம் மூச்சுக்காத்தைச் சுமக்காது," என்று சொல்லிக்கொண்டே ஒரு விஷமுறிவு மருந்தின் பெயரைச் சொன்னார். "எங்கிட்ட இருப்பு இல்ல. பெரிய ஆஸ்பத்திரி மருந்தகத்துல இருக்கும். உடனே போங்க."

தம்பி ஸ்கூட்டரை அவ்வளவு வேகமாக ஓட்டியது வாழ்க்கையில் அதுதான் முதல்தடவை. மருந்தகத்தில் முன்னால் நின்றவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டு வழி கேட்டார். மருந்தை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினார். ஊசி வழியாக அதை ஏற்றினார்கள். கொஞ்ச நேரம் இரைப்பு தணிந்ததுபோல இருந்தது. அக்கா ஒரு விரலால் அதன் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார். மேனேஜர் கண்ணைப் பாதி திறந்து, தன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது பார்ப்பதுபோல அவர்களை ஒருமுறை பார்த்தது. பிறகு உடம்பு ஒருமுறை நீண்டது. அவ்வளவுதான்.

"ஏற்கெனவே நோயில அடிபட்ட உடம்பு," என்றார் டாக்டரம்மா, கையுறையைக் கழற்றியபடி. "தாங்கல."

தம்பி கேட்க வேண்டியதைக் கேட்டார். "அந்தக் கணைய வீக்கம் எப்படியும் கொண்டுபோயிருக்குமா, மேடம்?" ஆமாம் என்ற ஒரு வார்த்தை கிடைத்தால் போதும் என்று அவருக்கு இருந்தது.

டாக்டரம்மா கொஞ்சம் தயங்கினார். பொய் சொல்ல மனசு வரவில்லை. "உறுதியா யாராலயும் சொல்ல முடியாது, சார். ஆனா அது தேறிட்டுத்தான் வந்துச்சு. இன்னிக்கு வந்தது நான் சொன்ன அந்த ஏற்ற இறக்கம். ஒரு போன் பண்ணியிருந்தா, கூட ரெண்டு சொட்டு விடச் சொல்லியிருப்பேன்."

வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில் ஒரு குழி தோண்டினார்கள். தோண்டியது தம்பி. அக்கா போர்வையில் சுற்றிக் கொடுத்தார். மண்ணைத் தள்ளி முடித்தபிறகு அக்கா கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். தம்பிக்குச் சாப்பாடு எடுத்து வைத்தார். திட்டவில்லை, அழுது தீர்க்கவும் இல்லை. கூடையைத் துடைத்துப் பழையபடி அழுக்குத் துணியை அதில் போட்டார். வீட்டின் நல்ல நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

அந்த மௌனத்தைத் தம்பியால் பல நாள் தாங்க முடியவில்லை. ஒரு சாயங்காலம் கேட்டேவிட்டார். "ஏன்கா ஒரு வார்த்தை திட்ட மாட்டேங்கிற? திட்டிட்டாவது போயேன்."

அக்கா மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். "கெட்ட எண்ணத்துலயாடா குடுத்த? பாசத்துலதான் குடுத்த. அதுக்கு நான் என்னன்னு திட்டுறது? அங்க நின்ன நேரத்துல மட்டும் நீ வாயைத் திறந்திருக்கலாம். என் மூஞ்சியைப் பாத்துட்டு நின்ன பாரு, அதை நினைச்சாத்தான் எனக்கு ஆறல." சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

தம்பி வெளியே போய்க் குழாயடியில் நின்று, யாரும் பார்க்காத இடத்தில் அழுதார். பூனைக்காகவா, அக்காவுக்காகவா, இத்தனை வருஷம் தன் கையால் வெட்டிக் கொடுத்த மாத்திரைகளுக்காகவா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. திரும்பி வந்து சொல்லாத அந்த ஆட்களெல்லாம் என்ன ஆனார்கள் என்ற கேள்வி அன்றுதான் முதன்முதலாக அவருக்குள் வந்தது.

கடை மறுபடி திறந்தது. ஆனால் அவர் மாறிவிட்டார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். மருந்துச் சீட்டு இல்லாமல் வந்தவர்களை டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். சிலர் முகத்தைத் தூக்கிக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டார்.

அப்படி ஒருநாள் அந்தத் தெரு எலக்ட்ரீஷியன் தோளில் ஒயர்ச் சுருளோடு வந்து நின்றார். "அண்ணே, நம்ம வீட்டு நாய் ரெண்டு நாளா நொண்டுது. சாப்பிடவும் மாட்டேங்குது. வலி மாத்திரை ஒன்னு குடுங்க. முழுசா வேண்டாம், பாதி குடுத்தாப் போதும்ல?"

"குடுக்க மாட்டேன்," என்றார் அவர்.

"நாய்தானேண்ணே. அதுக்கு என்ன ஆகிடப் போகுது?"

கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து, மேசையின் மடிப்புப் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே படிக்கு வந்தார். எலக்ட்ரீஷியனின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கைப்பிடியின் இறுக்கத்தில் வந்தவர் திகைத்துப்போனார்.

"நானும் பூனைதானேன்னுதான் நெனச்சேன், தம்பி. கால் மாத்திரைதானேன்னு நெனச்சேன். என் கையாலயே ஒரு உயிரைக் கொன்னுட்டேன். அது பொழைச்சு வந்துட்டிருந்தப்பக் கொன்னேன்." நிறுத்தி, சமாளித்துக்கொண்டு மறுபடி சொன்னார்: "நமக்கு நல்லது பண்ற மருந்து அதுங்களுக்கு விஷமாப் போகும். பாசம் இருந்தா மட்டும் பத்தாது, தெரிஞ்சவங்ககிட்டக் கேக்கணும். கேக்கறதுல ஒன்னும் மானம் போயிடாது. ஒருவேளை தெரியாம எதையாவது குடுத்துட்டா, டாக்டர்கிட்ட அந்த நிமிஷமே சொல்லிடணும். வலிக்குதுன்னு சொல்லத் தெரியாத ஜீவனுக்கு, நாம குடுத்தது ஒத்துக்கலன்னும் சொல்லத் தெரியாது. அதுக்கு வாய் கிடையாது தம்பி. எனக்கு இருந்துச்சு. நானும் பேசாம நின்னேன்."